கண்மாய் வாழிடப் பராமரிப்பு: ஊர்த் தன்னார்வலர்களுக்குக் கல்லூரியில் 40 மணி நேரப் படிப்பு நடத்துவது எப்படி?

விலங்கியல்துறை_சிவகங்கை கேட்டது:

வணக்கம். எங்கள் கலை அறிவியல் கல்லூரியில் கண்மாய்ப் பறவைகள், அவற்றின் வாழிடம் பற்றி ஒரு சான்றிதழ்ப் படிப்பு தொடங்குகிறோம். கூடுதல் மதிப்புப் படிப்பு என்று கணக்கில் காட்ட 30 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்பதால் 40 மணி என்று வைத்திருக்கிறோம். இடம் 30. அதில் 12 பேர் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள். மீதி 18 பேர் ஊர்க்காரர்கள்: ஆயக்கட்டு விவசாயிகள், மகளிர் குழுவினர், ஆடு மேய்ப்பவர் இருவர், மடை திறக்கும் நீர்பாய்ச்சி ஒருவர்.

களம் இரண்டு கண்மாய்கள். ஒன்று ஒன்றியத்துக்கு உட்பட்டது, மற்றது நீர்வளத் துறையுடையது. இரண்டிலும் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) முழுக்கச் சீமைக்கருவேலம். பெரிய கண்மாயில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்ட நாட்டுக்கருவேல் தோப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. வக்காவும் நத்தைகுத்தி நாரையும் அதில்தான் கூடு வைக்கின்றன.

இப்போதைய திட்டப்படி டிசம்பரில் தொடக்கம். 20 மணி வகுப்பு, 20 மணி களம். கடைசியில் எழுத்துத் தேர்வு. பாடத்திட்டக் குழுவுக்குப் போகும் முன் கேட்டுக்கொள்கிறேன்: நேரப் பங்கீடு சரியா? சீமைக்கருவேலத்தை எடுப்பதைப் படிப்பிலேயே சேர்க்கலாமா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? இதுபோன்ற படிப்புகள் எங்கே சொதப்புகின்றன?

---

கலிங்கு எழுதியது:

டிசம்பரில் தொடங்குவதுதான் முதல் கோளாறு. செமஸ்டருக்குப் படிப்பை வெட்டிப் பொருத்தினால் கண்மாயில் செய்ய வேண்டிய வேலை பாதி கைநழுவும். கண்மாய்க்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது, அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை தண்ணீரும் பறவையும் கூடும் இருக்கும், மரத்தின் மேல் கை வைக்கவே முடியாது. சீமைக்கருவேல முள்ளை எடுக்க, தரையை அளக்க, மேடு பள்ளம் பார்க்க ஆனி முதல் ஆவணி வரைதான் ஆகும். ஒரே செமஸ்டருக்குள் அடைத்தால் பறவை பார்த்தவர்களுக்கு மண் தெரியாது, மண் வெட்டியவர்களுக்குப் பறவை தெரியாது.

ஜூலையில் தொடங்கி ஏப்ரலில் முடியுங்கள். 40 மணியை நான் இப்படிப் பிரிப்பேன்: ஜூலையில் கண்மாய் வரைபடமும் செடி மரம் அடையாளமும் 6 மணி, ஆகஸ்ட், செப்டம்பரில் முள் எடுப்பு 12 மணி, மழை பிடித்ததும் முளைத்து வரும் சீமைக்கருவேல நாற்றுப் பிடுங்கல் 4 மணி, டிசம்பர், ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பு 10 மணி, பிப்ரவரி, மார்ச்சில் கூடு கவனிப்பு 4 மணி, ஏப்ரலில் களத் தேர்வு 4 மணி. இதில் நாற்காலியில் உட்காரும் நேரம் 10, 12 மணிக்கு மேல் வேண்டாம். இரண்டு செமஸ்டரில் பரவிய படிப்பாகப் பாடத்திட்டக் குழுவில் வையுங்கள், தனி ஒப்புதல் வாங்கினால் நடக்கும்.

அக்டோபர், நவம்பரில் விவசாயிகள் வரமாட்டார்கள். விதைப்பும் நடவும் அப்போதுதான். தை அறுவடையிலும் அப்படித்தான். அந்த வாரங்களில் வகுப்பு வைத்துவிட்டு "ஊர்க்காரர்களுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கை எழுதுவது பல இடங்களில் நடக்கிற அநியாயம். ஞாயிறு காலை 6 முதல் 9.30 வரைதான் உருப்படியான நேரம். அன்று 100 நாள் வேலையும் இல்லை, வெயிலும் ஏறியிருக்காது.

வரைபடத்துக்கு முதல் நாளே நீர்பாய்ச்சியை முன்னால் விடுங்கள். தண்ணீர் எந்த வழியாக வரும், எது முதலில் முழுகும், கடைசி வரை ஈரம் நிற்கும் பள்ளம் எது என்று அவர் காலால் நடந்து காட்டிவிடுவார். கூகுள் மேப் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, அவர் சொல்கிறபடி கலர் பென்சிலால் குறித்தால் போதும். அந்தத் தாளில் 100 மீட்டருக்கு ஒரு கட்டம் போட்டு எண் கொடுத்துவிடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் 15 கட்டம். வருஷம் முழுக்க அந்தக் கட்டம் அவர்கள் பொறுப்பு. மொத்தக் கண்மாயும் எல்லாருக்கும் பொது என்று விட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

---

முள்வேலை எழுதியது:

சீமைக்கருவேலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் இது எந்தக் கருவேல் என்று தெரிய வேண்டும். நாட்டுக்கருவேலுக்குப் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமாலை போல இடுக்கி இடுக்கி இருக்கும், முள் வெளுத்து நீண்டு ஊசியாக நிற்கும். சீமைக்கருவேலுக்குப் பூ விரல் போல நீளக் கதிர், காய் இடுக்கில்லாமல் பழுத்து மஞ்சளாகும். பூவும் காயும் இல்லாத மாதத்தில் இலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு இலைக்காம்பில் ஒன்று அல்லது இரண்டு ஜோடிக் கிளை பிரிந்து சிற்றிலை நீளமாக இருந்தால் சீமை. நாலைந்து ஜோடி பிரிந்து சிற்றிலை பொடியாக இருந்தால் நாட்டு வகை. இரண்டிலும் ஒரு கிளை ஒடித்துக் கையில் கொடுங்கள், படம் காட்டினால் தங்காது. இந்தப் பாடம் முடியாதவர் கையில் அரிவாள் போகக் கூடாது. பறவைகள் கூடு வைக்கும் தோப்பே நாட்டுக்கருவேல் என்கிறீர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வக் கோளாறில் அது காலியாகிவிடும்.

அடுத்தது, வெட்டினால் ஏன் திரும்ப வருகிறது. தரைக்குச் சற்றுக் கீழே தண்டும் வேரும் சேரும் இடத்தில் முண்டு மாதிரி ஒரு கழுத்து இருக்கிறது. துளிர் மொட்டுகள் அங்கேதான் தூங்குகின்றன. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டுகிறவர்கள் தரைக்கு மேலே வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்குத் தேவை கட்டை, அதில் தப்பில்லை. ஆனால் ஒரு தண்டு நின்ற இடத்தில் அடுத்த வருஷம் ஏழெட்டுத் தண்டு நிற்கும். சுற்றி ஓரடி ஆழம் தோண்டி, அந்த முண்டுக்குக் கீழே ஆணிவேரைக் கோடாரியால் துண்டித்து, முண்டைக் குழிக்கு வெளியே எடுத்து, வேர்ப்பக்கம் மேலே பார்க்க வெயிலில் போட வேண்டும். முண்டு முழுசாக வெளியே வந்ததா என்று கையால் தடவிப் பார்ப்பதுதான் இந்த வேலையில் ஒரே பரிசோதனை. சப்பையாக, வெள்ளையாக ஒற்றை வேர் மட்டும் குழியில் தெரிந்தால் சரி. பக்கவாட்டில் கரணை மாதிரி ஏதாவது மிச்சம் இருந்தால் இன்னும் தோண்ட வேண்டும்.

கை தடிமன் மரத்துக்கு ஈர மண்ணில் கால் மணி நேரம் ஆகும். காய்ந்து வெடித்த கரம்பையில் அரை மணிக்கு மேல் போகும். அதனால் மழை ஒன்று விழுந்த அடுத்த வாரம் வேலை வைத்தால் ஆள் சோராது. பெரிய மரங்களை இவர்களிடம் கொடுக்கவே வேண்டாம். அது ஏலம் எடுத்தவரும் ஜேசிபியும் செய்கிற வேலை. தன்னார்வலருடைய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜேசிபி கிளறிய மண்ணில் விதை முழுக்கக் கிடக்கும். முதல் மழைக்கு நாற்று புல்லாக எழும்பும். ஒரு சாண் உயரத்துக்குள் பிடுங்கினால் வேரோடு வரும், அதைத் தாண்டினால் பாதியில் அறுந்து மறுபடி துளிர்க்கும். அரசு திட்டத்தில் வெட்டுக்குப் பணம் கிடைக்கும், இந்த இரண்டாம் மூன்றாம் வருஷப் பிடுங்கலுக்குத்தான் யாரும் வருவதில்லை. கண்மாய்கள் திரும்ப முள்ளாவதற்கு இதுவே காரணம். உங்கள் படிப்புக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுக்க முடியும் என்றால் இதைக் கொடுங்கள்.

ஆடு மேய்ப்பவர் இருவர் சேர்ந்தது நல்லது. காய் தின்ற ஆடும் மாடும் சாணத்தோடு விதையை விதைத்துக்கொண்டே போகும். காய் உதிரும் நாட்களில் சுத்தம் செய்த கட்டங்களில் கிடை போடாமல் இருக்க அவர்கள் மனசு வைத்தால் போதும்.

ஐந்து பேர் கொண்ட குழுவுக்குக் கருவி: கடப்பாரை 1, மண்வெட்டி 2, கோடாரி 1, அரிவாள் 1, முள்ளை இழுக்கக் கவைக்கம்பு 2. தோல் கையுறை எல்லாருக்கும். கண் கண்ணாடி கோடாரி பிடிப்பவருக்குக் கட்டாயம். ரப்பர் செருப்பை இந்த முள் ஊசி மாதிரி துளைத்துவிடும், மழைக்கால ரப்பர் பூட்ஸையும் விடாது. விறகு வெட்டுகிறவர்கள் போடும் டயர் செருப்புதான் தாங்குகிறது, மாணவர்களுக்கு இது கேவலமாகப் பட்டாலும். முள் ஒடிந்து உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். எல்லாரும் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று சேர்க்கும்போதே கேட்டுவிடுங்கள்.

---

தாலுகா_ஆபீஸ் எழுதியது:

அனுமதி பற்றி. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தில் வரும், அதற்கு வட்டார வளர்ச்சி அலுவலர். மற்றதற்கு நீர்வளத் துறையின் உதவிச் செயற்பொறியாளர். இரண்டு பேரிடமும் எழுத்தில் வாங்குங்கள். "ஊராட்சித் தலைவர் சொல்லிவிட்டார்" என்பது அனுமதி ஆகாது. கண்மாய்க்குள் நிற்கும் சீமைக்கருவேலமே ஏலம் போகிற சொத்து. ஏலம் நிலுவையில் இருக்கும்போது நீங்கள் வெட்டினால் நல்ல காரியம் செய்தும் திருட்டுப் புகாரில் நிற்பீர்கள். சமூகக் காடுகள் தோப்பில் விழுந்த கிளையை எடுப்பதற்குக்கூட வனத் துறையைக் கேட்க வேண்டும்.

மீன்பாசி குத்தகைதாரரை (கண்மாய் மீனைக் குத்தகைக்கு எடுத்தவரை) படிப்பு தொடங்கும் முன்பே பார்த்துப் பேசிவிடுங்கள். பறவை வந்தால் மீன் போச்சு என்று வெடி போடுகிறவர் அவர். படிப்பில் ஒரு இடம் அவருக்கே கொடுத்தாலும் தகும். கரையில் அறுத்துப் போட்ட நரம்பு வலைத் துண்டுகளில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் சிக்கிச் சாகின்றன. வலைத் துண்டைப் பொறுக்கி ஒரு சாக்கில் சேர்ப்பதென்று அவரோடு பேசி வைத்தால் இரண்டு தரப்புக்கும் நல்லது. தண்ணீர் வற்றியதும் நடக்கும் மீன்பிடித் திருவிழாத் தேதியையும் கேட்டு வையுங்கள். ஊரே உள்ளே இறங்கும் நாளில் தோப்பில் குஞ்சு இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் கடைசியில் இறங்க முடியுமா என்று ஊர்க்கூட்டத்தில் கேட்கலாம்.

சட்டப் பாடம் அரை மணி நேரம் போதும், ஆனால் இரண்டு விஷயம் சரியாகப் பதிய வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குள் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி பிடித்தால்தான் வேட்டை என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். இரண்டாவது, கீழே விழுந்த நாரைக் குஞ்சை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்க்கக் கூடாது, வனச்சரகத்துக்குச் சொல்ல வேண்டும். செத்த பறவை ஒரே நாளில் நாலைந்து கிடந்தால் கையால் தொடாமல் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் போக வேண்டும். பாம்பு பிடிப்பது இந்தப் படிப்பில் கிடையவே கிடையாது.

---

நாமக்கோழி எழுதியது:

கணக்கெடுப்புக்கு 10 மணி ஒதுக்கியதைப் பார்த்து சந்தோஷம். பெயர் சொல்லத் தெரிவதற்கும் எண்ணத் தெரிவதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லித் தர வேண்டும்.

எண்ணுவதற்கு உளுந்துப் பயிற்சி. வெள்ளைத் துணியில் கருப்பு உளுந்தை எண்ணிக் கொட்டுங்கள்: 40, 120, 350, 800 என்று. ஐந்து விநாடி காட்டி மூடுங்கள், எல்லாரும் தாளில் எழுதட்டும். பெரிய எண் வர வர பெரும்பாலோர் குறைத்தே எழுதுவார்கள். பிறகு முறையைச் சொல்லுங்கள்: ஓரத்தில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கி, அதே அளவு எத்தனை முறை வருகிறது என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஆயிரத்தைத் தாண்டினால் ஐம்பது ஐம்பதாக அடுக்கலாம். இதை மூன்று ஞாயிறு, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் செய்தால் வித்தியாசம் அவர்கள் தாளிலேயே தெரியும்.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மி.மீ.) வாங்குங்கள், ஐந்து பேருக்கு ஒன்று. 10x வாங்கினால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும், புதியவர்களுக்கு எதுவும் நிலைக்காது. "எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது" என்று கையில் வாங்கியதும் திருப்பிக் கொடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் கண் பிரச்சினை இல்லை. முந்தைய ஆளுக்குச் சரிசெய்தது அப்படியே இருக்கும், அவ்வளவுதான். வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்கணும். பிறகு இடதை மூடி, வலது கண்ணருகே இருக்கும் வளையத்தைத் திருப்பணும். கண்ணாடி போட்டவர்கள் ரப்பர் குவளையை மடக்கிவிட வேண்டும். கைமாறும் ஒவ்வொரு தடவையும் இது முழுக்க நடக்கணும்.

கணக்கெடுப்பு நடத்தும் விதம்: கரையில் நிரந்தரமாக மூன்று நாலு இடம், கல் நட்டு பெயின்ட் அடித்து எண் போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிஷம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வரிசையில். இரண்டு பேர் பார்ப்பது, ஒருவர் எழுதுவது. பறந்து போனவை அடுத்த இடத்தில் வந்து உட்கார்ந்தால் இரண்டு முறை எண்ணுவார்கள், அதனால் எந்தத் திசையில் எத்தனை பறந்தது என்று எழுதுகிறவர் குறித்தே ஆக வேண்டும். "நூற்றுக்கணக்கில்" என்று யாராவது எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூஜ்ஜியமும் ஒரு பதிவுதான், ஒன்றும் இல்லாத நாளையும் எழுத வேண்டும்.

அந்தப் பதிவை ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம். ஜனவரி ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் கொடுக்கலாம். ஆனால் பொங்கல் நாலு நாளும் ஊரில் ஆள் கிடைக்காது, அதற்கு முந்தைய ஞாயிறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவுக்கு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். 2002 உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும். பல ஊர்களில் பதிவேடு பீரோவில் தூங்குகிறது, உங்கள் ஆட்கள் போய்க் கேட்டாலே எழுந்துவிடும்.

கூடு கவனிக்கும் நான்கு மணி நேரமும் தோப்புக்கு 100 மீட்டர் தள்ளி, ஒரே இடத்தில் உட்கார்ந்துதான். அடியில் நடந்தால் தாய்ப்பறவை எழும்பும். அந்தச் சில நிமிஷத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், இல்லாவிட்டால் வெயிலில் குஞ்சு வாடும். போட்டோ ஆசை உள்ளவர்களை இந்த நாளில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

---

விலங்கியல்துறை_சிவகங்கை:

எல்லாருக்கும் நன்றி. ஜூலைத் தொடக்கத்துக்கு மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். முள் எடுத்த இடத்தில் மரக்கன்று நட வேண்டும் என்று நிர்வாகம் எதிர்பார்க்கிறது. 500 கன்று என்று பேச்சு. இரண்டாவது, எழுத்துத் தேர்வு வேண்டாம் என்றால் மதிப்பெண் எப்படி?

---

முள்வேலை:

500 கன்றை உள்வாயில் நட்டால் ஒரு முள்காட்டை எடுத்து இன்னொரு காட்டை வைத்ததாகத்தான் ஆகும். உள்ளானுக்கும் கிளுவை வாத்துக்கும் மரம் வேண்டாம், திறந்த சேற்றுப் பரப்பு வேண்டும். அதில் பெரும்பாலானவை கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள தண்ணீரில் மேய்பவை. கோடையில் காய்ந்த அதே தரையில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டையிட்டு உட்கார்ந்திருக்கும். கூழாங்கல் நிறம், மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே ஒரு ஆள்காட்டி சுற்றினால் அந்தக் கட்டத்தில் அன்று வேலை நிறுத்தம் என்பதை ஒரு விதியாகவே வையுங்கள்.

மரம் வேண்டுமென்றால் தூர் வாரும் மண்ணில் இரண்டு மூன்று திட்டு போட்டு, நாலடிக்கு ஓரடி இறங்குகிற மாதிரி சரிவு விட்டு, மேலே நாட்டுக்கருவேலும் நீர்க்கடம்பும் வையுங்கள். 30, 40 கன்று போதும். நாரைக்கு நாளைய கூடு அது. செங்குத்தாகத் திட்டு எழுப்பினால் முதல் மழையிலேயே கரைந்துவிடும், குஞ்சும் ஏறாது. கருவேல் விதையைக் கொதித்து ஆறவைத்த வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுப் பையில் போட வேண்டும், இல்லையென்றால் முளைப்பு ஒழுங்காக இருக்காது. கரைக்குப் பனை விதை நல்லது. மடைக்கும் கலிங்குக்கும் (உபரி நீர் வழியும் இடம்) பக்கத்தில் எந்த மரமும் வேண்டாம், வேர் போன வழியில் தண்ணீர் போகும், பொறியாளரும் விடமாட்டார். நிர்வாகத்துக்கு 500 என்ற எண்தான் முக்கியம் என்றால் 500 பனங்கொட்டை என்று சொல்லுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

---

கலிங்கு:

மதிப்பெண்ணுக்கு மூன்று களச் சோதனை போதும். முதலாவது, கிளை ஒடித்துக் கொடுத்த 10 செடி, தொலைவில் நிற்கும் 15 பறவை, வாயால் பெயர் சொன்னால் போதும். ஊரில் வழங்கும் பெயருக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள், வக்காவை வக்கா என்று சொன்னவருக்கு ஆங்கிலப் பெயர் எதற்கு. இரண்டாவது, ஒரு கணக்கெடுப்புப் படிவத்தைத் தனியாக நிரப்புவது. எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதலாம். மூன்றாவது, ஒரு முண்டைத் தோண்டி எடுத்துக் காட்டுவது.

சான்றிதழை ஏப்ரலிலேயே கொடுத்துவிடாதீர்கள். டெக்சாஸில் மாநில வனவிலங்குத் துறையும் பல்கலைக்கழக விரிவாக்கப் பிரிவும் சேர்ந்து நடத்தும் இயற்கைத் தன்னார்வலர் திட்டத்தில் 40 மணி பயிற்சிக்குப் பிறகு 40 மணி சேவையும் 8 மணி மேற்பயிற்சியும் முடித்தால்தான் சான்றிதழ். நம் கண்மாய்க்கு 40 வேண்டாம், 20 மணி போதும். ஆனால் அந்த 20 மணி அடுத்த மழைக்குப் பிறகு, அவரவர் கட்டத்தில் நாற்றுப் பிடுங்கியதாக இருக்கட்டும்.

முக்கியமான ஒன்றை யாரும் எழுதவில்லை: சவுடு மண் அள்ளிய குழிகள். தண்ணீர் நிரம்பியபின் மேலே ஒன்றும் தெரியாது, இரண்டடித் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் பத்தடிக்குள் போவார். ஜூலையிலேயே, காய்ந்திருக்கும்போதே, அந்தக் குழிகளை வரைபடத்தில் சிவப்பில் குறித்து ஓரத்தில் மூங்கில் நட்டு வையுங்கள். தண்ணீர் வந்தபின் முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது, நீச்சல் தெரிந்தாலும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடித்த காலை அசைக்காமல், 108 இல்லாவிட்டால் கிடைத்த வண்டியில், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு. பக்கத்தில் எந்த மருத்துவமனையில் அந்த மருந்து இருப்பில் இருக்கிறது என்று படிப்பு தொடங்கும் வாரமே போய்க் கேட்டு, அந்த எண்ணைக் கருவிப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள்.

---

விலங்கியல்துறை_சிவகங்கை:

குழி விஷயம் திட்டத்தில் இல்லவே இல்லை, சேர்த்துவிட்டேன். பனங்கொட்டை 500 என்று எழுதிக் கொடுத்தாயிற்று. கட்டம் போட்ட வரைபடம் தயாரானதும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.